கொஞ்சம் அசையாம இரு!

ஒரு காலத்தில் இணையத்தில் சின்ன வித்தை ஒன்று இருந்தது. பக்கம் முழுசாக வந்து சேர்ந்ததும், கீபோர்டின் இடது மூலையில் இருக்கும் எஸ்கேப்பை ஒரு தட்டு தட்டினால் போதும். ஓரத்தில் மினுக்கிக்கொண்டிருந்த ஜிஃப் விளம்பரம் அப்படியே உறைந்துவிடும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரிலும் ஃபயர்பாக்ஸிலும் இது வேலை செய்தது. அந்தப் பொத்தான் இன்றும் அங்கேயேதான் இருக்கிறது. தட்டிப் பாருங்கள், எதுவும் நிற்காது. அது எப்படிச் செத்தது?

இணைய விளம்பரம் பிறக்கும்போது ஆடிக்கொண்டு பிறக்கவில்லை. 1994 அக்டோபர் 27 அன்று, அமெரிக்காவின் வயர்டு இதழ்க்காரர்கள் ஹாட்வயர்டு என்ற இணைய இதழைத் தொடங்கினார்கள். அதில் ஏ.டி.அண்ட்.டி. போன்ற நிறுவனங்களின் பட்டை விளம்பரங்கள் வந்தன. கறுப்புப் பின்னணி, வண்ண எழுத்தில் ஒரு கேள்வி, ஓர் அம்புக்குறி. அவ்வளவுதான். புதுசு என்பதால் மக்கள் ஆர்வமாகக் கிளிக் செய்தார்கள். புதுசு பழசானதும் கண் அந்தப் பட்டையைத் தாண்டிப் போகப் பழகிக்கொண்டது. 1998இல் ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தப் பழக்கத்துக்கு 'பேனர் ப்ளைண்ட்னெஸ்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

பார்க்காத கண்ணை எப்படிப் பார்க்க வைப்பது? நம் ஓரக்கண்ணுக்கு எழுத்தும் நிறமும் சரியாகப் பிடிபடாது, ஆனால் அசைவு உடனே தெரியும். விளம்பரம் இருப்பதும் பக்கத்தின் ஓரத்தில்தான். அதை ஆட்டிவிட்டால் தீர்ந்தது.

ஆட்டுவதற்கான கருவி ஏற்கெனவே கையில் இருந்தது. 1987இல் கம்ப்யூசர்வ் நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட் குழுவினர் உருவாக்கிய ஜிஃப், மெதுவான இணைப்பில் படம் அனுப்புவதற்கான வடிவம். 1989இல் வந்த திருத்தத்தில், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று குறிக்க வசதி சேர்ந்தது. கூடவே, இது அனிமேஷனுக்கான வடிவம் அல்ல என்று அந்த ஆவணத்திலேயே எழுதியும் வைத்தார்கள். யார் கேட்டது? நெட்ஸ்கேப் 2.0 உலாவி அதில் ஒரு சிறு நீட்டிப்பைச் சேர்த்தது. படங்கள் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதற்கான ஓர் எண். அங்கே பூஜ்யம் போட்டால், முடிவே கிடையாது. சுற்றிக்கொண்டே இருக்கும் ஜிஃப் கோப்பை இன்றைக்குத் திறந்து பார்த்தாலும், உள்ளே அந்தச் செத்துப்போன உலாவியின் பெயர் பொறித்திருக்கும்.

அந்தப் பூஜ்யத்தை நிறுத்தத்தான் எஸ்கேப் இருந்தது. ஆனால் ஃப்ளாஷ் வந்தது. அது உலாவிக்குள் குடியிருந்த தனி மென்பொருள், எஸ்கேப்பை மதிக்கவே மதிக்காது. 'குரங்கைக் குத்து, பரிசை வெல்லு' என்று குரங்கு குறுக்கும் நெடுக்கும் ஓடிய காலம் அது. அதே சமயம் பாப்-அப்களும் பெருகின. அதற்கான நிரலை டிரைபாட் தளத்துக்காக எழுதிய ஈதன் ஸக்கர்மேன், 2014இல் அட்லாண்டிக் இதழில் மன்னிப்பே கேட்டார். ஒரு கார் நிறுவனத்தின் விளம்பரம் ஆபாசமான பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டதாம். விளம்பரத்தையும் பக்கத்தையும் பிரித்துவைக்க அவர்கள் கண்ட வழிதான் தனி ஜன்னல்.

வாசகர்களும் சும்மா இருக்கவில்லை. 2002இல் டென்மார்க்கின் ஹென்ரிக் ஆஸ்டட் சோரன்சன் ஆட்பிளாக்கின் முதல் வடிவத்தை எழுதினார். ஃப்ளாஷ்பிளாக் என்ற நீட்சி, ஆடும் பெட்டிக்குப் பதிலாக ஒரு பொத்தானை வைத்தது. வேண்டுமென்றால் அழுத்திப் பார்த்துக்கொள்ளலாம். 2004 ஆகஸ்டில், விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக்கோடு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரே பாப்-அப்பைத் தடுக்கத் தொடங்கியது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எஸ்கேப் விளம்பரத்தை அழிக்கவில்லை, அசைவை மட்டும்தான் நிறுத்தியது. படம் அங்கேயே இருந்தது, தளத்துக்காரருக்கும் காசு போனது. பிளாக்கர் வேரோடு பிடுங்கியது. விளம்பர வருமானத்தை நம்பிச் சோறு தின்ற சின்னத் தளங்களும் அதில் அடிவாங்கின. அதனால்தான் 2011இல் ஆட்பிளாக் பிளஸ், அசையாத, சத்தம் போடாத விளம்பரங்களை மட்டும் உள்ளே விட ஆரம்பித்தது. அதற்குப் பெரிய நிறுவனங்களிடம் காசு வாங்கியதும் பெரும் சர்ச்சையானது தனிக்கதை.

எஸ்கேப் செத்தது விளம்பரக்காரர்களின் சதியால் அல்ல. பக்கம் வந்து இறங்கிய பிறகும் சர்வரோடு பேசிக்கொண்டே இருக்கும் தளங்கள் பெருகின. எஸ்கேப்பை அழுத்தினால் அந்தப் பேச்சும் அறுந்தது. எனவே 2013இல், ஃபயர்பாக்ஸ் 20ஆம் பதிப்பில் அதன் பல்லைப் பிடுங்கினார்கள். கூடவே ஜிஃப்பை நிறுத்தும் வசதியும் போனது. 2020 டிசம்பர் 31 அன்று ஃப்ளாஷுக்கும் ஆயுள் முடிந்தது. ஆட்டம் மட்டும் முடியவில்லை. இப்போது உலாவியின் சொந்த மொழியிலேயே ஆடுகிறது.

சிலருக்கு இது வெறும் எரிச்சல் இல்லை. உட்காதில் சமநிலைக் கோளாறு உள்ளவர்களுக்குத் திரையின் அசைவே தலைசுற்றலாகும். கவனச் சிதறல் உள்ளவருக்கு அந்தப் பக்கத்தைப் படிக்கவே முடியாது. 2008இல் வந்த டபிள்யூ3சி அணுகல்தன்மை விதிகள் இதற்கு எளிமையாக ஒன்று சொல்கின்றன. தானாகத் தொடங்கி, மற்ற விஷயங்களுக்குப் பக்கத்தில் ஐந்து நொடிக்கு மேல் அசையும் எதையும் நிறுத்த வாசகருக்கு வழி இருக்க வேண்டும். விதி தெளிவாகத்தான் இருக்கிறது. நீங்கள் கடைசியாகத் திறந்த செய்தித்தளத்தில் அந்த வழி இருந்ததா?

விளம்பரம் இருக்கட்டும். எழுதுகிறவருக்கும் தளம் நடத்துகிறவருக்கும் காசு வேண்டும்தானே. ஆனால் கடைக்காரர் போர்டு வைப்பது வேறு, போகிறவரின் சட்டையைப் பிடித்து இழுப்பது வேறு. எஸ்கேப்புக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. அது எதையும் துரத்தவில்லை. 'நீ இரு, கொஞ்சம் அசையாம இரு, நான் படிச்சிக்கிறேன்' என்றது. நாம் இழந்தது அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும் உரிமையை.