எழுத்தரின் முதுகும் அலுவலக நாற்காலியும்

நாள் முழுக்க உட்கார்ந்து எழுதும் வேலை உடலைக் கெடுக்கும் என்பதை மருத்துவம் 300 ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டது. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றிய தமது நூலை 1713இல் விரிவாக்கியபோது எழுத்தர்களுக்கென ஓர் இயலைச் சேர்த்தார். ஓயாத உட்காரல், கையின் ஒரே விதமான அசைவு, பிழை நேர்ந்துவிடக் கூடாதே என்ற மன இறுக்கம் ஆகிய மூன்றையும் அவர் காரணங்களாகச் சொன்னார். அந்த அறிவு நாற்காலி செய்பவர்களை எட்ட இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் பிடித்தது.

செய்யும் திறன் இல்லாததால் வந்த தாமதம் அல்ல இது. அமெரிக்கரான தாமஸ் வாரன் 1849இல் காப்புரிமை பெற்ற வார்ப்பிரும்பு நாற்காலியில் இருக்கைக்கு அடியில் வளைந்த எஃகு வில்கள் இருந்தன. உட்கார்ந்தவர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இருக்கையும் உடன் சாய்ந்தது, சுழன்றது, சக்கரங்களில் நகர்ந்தது. 1851இல் லண்டன் பெருங்கண்காட்சியில் அதை உலகமே பார்த்தது. ஆனால் கணக்கு எழுதியவர்கள் அதன் பிறகும் நெடுங்காலம் உயரமான முக்காலியில் அமர்ந்து, சாய்மேசையின் மேல் கவிந்துதான் எழுதினார்கள்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலுவலகம் தொழிற்சாலையைப் போல நடத்தப்பட்டது. பஃபலோ நகரில் 1906இல் திறக்கப்பட்ட லார்கின் நிறுவனக் கட்டடத்துக்குக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த எழுத்தர் இருக்கைகள் மேசையோடு பிணைக்கப்பட்டிருந்தன. கீலில் சுழற்றி வெளியே இழுத்து உட்கார வேண்டும். வேலை முடிந்ததும் உள்ளே தள்ளினால் தரையைக் கூட்டுவது எளிது. துடைப்பத்துக்குக் கிடைத்த வசதி எழுத்தருக்குக் கிடைக்கவில்லை: மேசைக்கும் தமக்கும் உள்ள தூரத்தை அவர் மாற்றிக்கொள்ள முடியாது. தட்டச்சு செய்த பெண்களுக்கு உயரம் மாற்றக்கூடிய, முதுகைத் தாங்கும் நாற்காலிகள் பின்னர் வந்தன. வேலை வேகமாக நடக்க வேண்டும் என்பதே அங்கு முதல் நோக்கம். மேலதிகாரிக்கோ உயர்ந்த சாய்வும் தடித்த மெத்தையும் பதவியின் அடையாளமாயின.

முதுகெலும்பை முன்வைத்த ஆய்வு ஸ்வீடனில் வலுப்பெற்றது. பெங்க்ட் ஓக்கர்ப்ளோம் 1948இல் நிற்பதையும் உட்கார்வதையும் பற்றிய தமது ஆய்வில், இடுப்புக்குச் சற்று மேலே முதுகுக்குத் தாங்கல் வேண்டும் என்று வாதிட்டார். அடுத்த ஆண்டு பிரிட்டனில், மனித உடலுக்கேற்ப வேலையையும் கருவிகளையும் அமைக்கும் துறையான எர்கோனாமிக்ஸுக்கென ஓர் ஆய்வுச் சங்கம் உருவானது. 1960களில் ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் முதுகெலும்பின் வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை நேரடியாக அளந்தார். முதுகுக்குத் தாங்கல் இல்லாமல் உட்காரும்போது அழுத்தம், நிற்கும்போது இருப்பதைவிட அதிகம் என்று தெரிந்தது. பின்னால் சாயச் சாய அது குறைந்தது. பின்னர் வந்த சில அளவீடுகள் இந்த வேறுபாடு அவ்வளவு பெரிதல்ல என்றன. ஆனாலும் நிமிர்ந்து விறைப்பாக உட்கார்வதே சரி என்ற பழைய பாடம் அன்று ஆட்டம் கண்டது.

அமெரிக்காவின் ஹெர்மன் மில்லர் நிறுவனத்தில் ராபர்ட் புரோப்ஸ்ட் இன்னொரு கோணத்தில் யோசித்தார். 1964இல் வெளிவந்த அவரது ‘ஆக்‌ஷன் ஆஃபீஸ்’ அமைப்பில் நின்றபடி வேலை செய்யும் மேசையும் இருந்தது. ஊழியர் இடம் மாறி, நிலை மாறி இயங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 1968இல் வந்த இரண்டாம் வடிவத்தின் தடுப்புகளை அகன்ற கோணத்தில் நிறுத்தலாம். நிறுவனங்கள் அவற்றைச் சதுரமாக நெருக்கி அடுக்கின. ஊழியரின் அசைவுக்காகப் பிறந்த யோசனை, அசைய இடமில்லாத க்யூபிக்கிளாக முடிந்தது. இந்த வரலாற்றில் இதைவிட வருத்தமான திருப்பம் இல்லை.

அதே நிறுவனத்துக்காக பில் ஸ்டம்ஃப் வடிவமைத்த ‘எர்கான்’ நாற்காலி 1976இல் வந்தது. அவரும் டான் சாட்விக்கும் சேர்ந்து 1994இல் கொண்டுவந்த ‘ஏரான்’ மெத்தையை நீக்கி வலைப்பின்னலை இழுத்துக் கட்டியது. ஏ, பி, சி என்ற அதன் மூன்று அளவுகளும் உட்காருபவரின் உடலைப் பொறுத்தவை, பதவியைப் பொறுத்தவை அல்ல. விலையோ அதை மறுபடியும் வசதி படைத்தவர்களின் அடையாளமாக்கியது.

கணினித்திரை பரவியதும் சட்டம் தலையிட்டது. ஐரோப்பிய சமூகத்தின் 1990ஆம் ஆண்டு ஆணை, திரையின் முன் பணிபுரிபவரின் இருக்கை உயரத்தையும், சாய்மானத்தின் உயரம், சாய்வு இரண்டையும் மாற்ற முடிய வேண்டும் என்றது. கேட்பவருக்குக் கால்தாங்கி கொடுக்க வேண்டும் என்றும் விதித்தது. நின்றபடி வேலை செய்பவர்களையும் சட்டம் கவனித்தது: தமிழ்நாட்டில் 2021இல் திருத்தப்பட்ட கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், வேலைக்கு இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும் என்கிறது.