மரண பயத்தை அளந்த வரலாறு

பிறந்தார் யாவரும் இறப்பர் என்பதை அறியாதவர் இல்லை. ஆயினும், இறப்பைக் குறித்து உம் உள்ளத்தில் நிலவும் எண்ணம் யாது என்று ஒருவரையே கேட்டறியும் முயற்சி மிகவும் பிற்காலத்தில் தோன்றியதாகும். சமயங்களும் காவியங்களும் மரணத்தைப் பற்றி நிரம்பப் பேசின. சாகும் தறுவாயில் உள்ளவரைப் பேசவிட்டுக் கேட்டவரோ அரியர். அக்கேள்வி எழுந்த வரலாற்றை நாம் இங்கே சுருக்கமாக நோக்குவோம்.

மனப்பான்மையை அளக்க இயலும் என்று 1928-இல் அமெரிக்க உளநூலறிஞர் தர்ஸ்டன் வாதிட்டார். 1932-இல் லிக்கர்ட் என்பார் அதற்கு எளிய முறையொன்றை வகுத்தார். ஒரு கூற்றைக் காட்டி, அதனை முற்றும் ஒப்புகிறீரா, ஓரளவு ஒப்புகிறீரா, மறுக்கிறீரா என வினவி, விடைக்குத் தக்கபடி எண் இடுவதே அம்முறை. சமயம், இனவேற்றுமை முதலியவற்றைக் குறித்த எண்ணங்கள் விரைவில் அளக்கப்பட்டன. மரணமோ நெடுங்காலம் பெரும்பாலும் ஒதுக்கப்பட்டே கிடந்தது.

ஹெர்மன் ஃபைஃபெல் என்னும் அறிஞர் 1959-இல் ‘மரணத்தின் பொருள்’ என்ற தொகுப்பு நூலை வெளியிட்டு அத்தடையை உடைத்தார். நோயாளரிடம் மரணத்தைப் பற்றிப் பேச அவர் முற்பட்டபோது தடுத்தவர்கள் நோயாளரல்லர், மருத்துவர்களே. சில ஆண்டுகளின் பின் சிகாகோவில் எலிசபெத் கூப்ளர்-ராஸ் அம்மையாரும் இதே எதிர்ப்பைக் கண்டார். நோயாளரோ தம்மைக் கேட்க ஒருவர் வந்தாரே என்று மனந்திறந்து பேசினர்.

இதன்பின் அளவைகள் பல தோன்றின. 1970-இல் டெம்ப்ளர் 15 கூற்றுகளைக் கொண்டு மரணக் கவலையை அளந்தார். 1969-இல் காலெட், லெஸ்டர் ஆகிய இருவர் ஓர் அரிய பாகுபாட்டைச் செய்திருந்தனர். தன் மரணம், தான் மரித்துக்கொண்டிருக்கும் நிலை, பிறர் மரணம், பிறர் மரிக்கும் நிலை என அச்சம் நால்வகைப்படும் என்றனர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பாகுபாடு சிந்தனைக்குரியது. ‘சாவு’ என்னும் நம் சொல் முடிவையும் குறிக்கும், அம்முடிவை நோக்கிய வேதனையையும் குறிக்கும். ‘சாவுக்கு அஞ்சுகிறேன்’ என்பவர் எதற்கு அஞ்சுகிறார்? நோவுக்கா, பிரிவுக்கா, இல்லாமற் போவதற்கா? மறுபடியும் கேட்டாலன்றி விளங்காது.

சொன்ன விடையே முழு உண்மையும் அன்று. 1973-இல் ஃபைஃபெலும் பிரான்ஸ்கோம்பும் நேரே வினவியபோது, அச்சமில்லை என்றே பெரும்பாலோர் கூறினர். மரணத்தோடு தொடர்புற்ற சொற்களை எதிர்ப்பட்டபோதோ அவர்கள் தயங்கிய நேரம் வேறு கதை சொல்லிற்று. அஞ்சுவது மட்டுமே மனிதரின் இயல்பு என்பதும் தவறு. 1994-இல் வாங் முதலியோர் திருத்தியமைத்த 32 கூற்றுகளுடைய அளவை, அச்சத்தோடு ஏற்பையும் அளக்கிறது. மரணம் இயற்கையென ஏற்பது, மறுமையை நாடி ஏற்பது, துன்பத்தினின்று விடுதலையென ஏற்பது என அவ்வேற்பு மூவகைத்து.

இவை ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சிகள் அல்ல. மீட்சியற்ற நிலையில் உயிர்காப்புச் சிகிச்சை வேண்டா என முன்னரே எழுதிவைக்கும் உரிமையை நம் உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது. 2023-இல் அதற்கான நடைமுறையை எளிதாக்கியது. எனினும் நம் இல்லங்களில், நோயாளரைக் காக்க வேண்டும் என்ற அன்பினாலேயே, உற்றார் அவருக்காகத் தாமே விடை கூறிவிடுகின்றனர். அவர் அஞ்சுவது நோவுக்காயின் மருந்துண்டு, தனிமைக்காயின் துணையுண்டு. எண்கள் நமக்கு உணர்த்துவது ஒன்றே: எதற்கு அஞ்சுகிறீர்கள் என்று அவரையே கேட்பது நம் கடன்.