யானைகள் போட்ட வழி

யாழ்ப்பாணத்தார் அதைக் கண்டி வீதி என்பார்கள். அரச வரைபடத்தில் ஏ-9. நாவற்குழி, சாவகச்சேரி, கொடிகாமம், பளை என்று போய், ஆனையிறவில் கடல்நீரேரியைக் கடந்து, வன்னிக்குள் நுழைந்து, 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடிக் கண்டியில் நிற்கிறது.

தார் காணுமுன்பே அந்த வழியில் பெரிய வியாபாரம் நடந்தது. வன்னியில் பிடித்த யானைகளை ஆனையிறவின் ஆழங்குறைந்த நீரில் இறக்கிக் குடாநாட்டுக்கு நடத்தி வந்தார்கள், ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினார்கள். 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்த போர்த்துக்கேயரும் இந்த வருமானத்தை விடவில்லை, 1658இல் அவர்களைத் துரத்திய ஒல்லாந்தரும் விடவில்லை. வன்னியர்கள் ஒல்லாந்தருக்குக் கட்டிய திறையே யானைதான். கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வணிகர்கள் வந்து வாங்கிப் போனார்கள்.

குடாநாட்டின் கழுத்து ஆனையிறவு. அதில் கைவைத்தவன் போகிறவனையும் வருகிறவனையும் நிறுத்திக் கேட்கலாம். ஒல்லாந்தர் அங்கும் இயக்கச்சிப் பக்கமும் சிறு கோட்டைகள் கட்டியது இதற்குத்தான். ஆங்கிலேயர் வந்ததும் ஆனையிறவுக் கோட்டை பயணிகள் தங்கும் வாடிவீடானது. வீதியின் தென்பாதிக்கோ வேறு கதை: மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் தம்புள்ளை வழியாக மாத்தளைக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே செத்தவர்கள் பலர்.

1905இல் ரயில் காங்கேசன்துறையை எட்டியது, 1956இல் யாழ்தேவி கடுகதி ரயில் ஓடத் தொடங்கியது. கொழும்பு உத்தியோகத்தருக்கு வீதி இரண்டாம் பட்சம். உள்நாட்டுப் போர் வந்து 1990இல் ரயிலும் நின்றது, வீதியும் அடைபட்டது. சனம் கிளாலியில் இரவோடிரவாக வள்ளமேறியது.

1991 யூலையில் விடுதலைப் புலிகள் ஒரு புல்டோசருக்கு இரும்புக் கவசம் பூட்டி ஆனையிறவு இராணுவ முகாமை நோக்கி ஓட்டினார்கள். வீதி போடப் பிறந்த யந்திரம், வீதிக்காகவே சண்டைக்குப் போனது! இன்று அது அங்கேயே வீதியோரத்தில் காட்சிப்பொருளாக நிற்கிறது. 1995 ஒக்ரோபர் 30இல், இராணுவம் நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் மூட்டைமுடிச்சோடு நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நகர்ந்தது. 1997 மேயில் வவுனியாவிலிருந்து இந்த வீதியைத் திறக்கக் கிளம்பிய இராணுவம், ஒன்றரை ஆண்டுக்கு மேல் சண்டை பிடித்தும் திறக்காமலே அந்த நடவடிக்கையைக் கைவிட்டது.

போராலே திறக்காத வீதியை 2002இன் போர்நிறுத்த உடன்படிக்கை சில வாரங்களில் திறந்தது. ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனை. புலிகள் பொருட்களுக்கு வரி வாங்கினார்கள். ஒல்லாந்தரின் பழைய யோசனைதான், ஆள் மட்டும் வேறு. 2006 ஓகஸ்ட் 11இல் முகமாலையில் சண்டை மூண்டதும் வீதி மறுபடி மூடப்பட்டது. யாழ்ப்பாணத்தில் சீனிக்கும் பால்மாவுக்கும் வரிசை நீண்டது. 2009இல் போர் முடிந்தபின் திறந்தார்கள். பிறகு சீனக் கடனில் வீதி அகன்றது. பக்கத்திலேயே இந்தியா தண்டவாளம் போட்டு 2014இல் யாழ்ப்பாணத்துக்கு ரயிலை விட்டது.

ஆட்சிகள் எத்தனை மாறினாலும் வசூல் நிற்காத இடம் ஒன்றுண்டு: முறிகண்டிப் பிள்ளையார். லொறியோ பஸ்ஸோ, அங்கே நிறுத்தித் தேங்காய் உடைக்காமல் சாரதி கியரைத் தொடமாட்டார். இறங்கினவர்கள் கோயிலடிக் கடைகளில் சுடச்சுட வறுத்த கச்சானை ஒரு சரையாவது வாங்கிக்கொண்டுதான் ஏறுவார்கள். கச்சான் தென்னமெரிக்கச் செடி. யானை இந்த வழியால் கடல்கடந்து போனது. இது கடல்கடந்து வந்தது.