ஸாப் 9000: ஒரு சிறு நாட்டின் பெரிய கார்



தலைநகர் டில்லியில் 'ஸாப்' என்னும் சொல் நாள்தோறும் நம் காதில் விழுகிறது. வாயிற்காவலரும் காரோட்டியும் மேலதிகாரியை அழைக்கும் மரியாதைச் சொல் அது. ஸ்வீடன் நாட்டில் ஏறக்குறைய அதே ஒலியுடைய பெயர் ஒரு காருக்கு உண்டு. இரண்டுக்கும் உறவு ஒன்றுமில்லை. 'ஸ்வீடிஷ் விமான நிறுவனம்' எனப் பொருள்படும் ஸ்வீடன் மொழிச் சொற்களின் முதலெழுத்துக்களே அங்கு 'ஸாப்' ஆயின. ஆயினும் அந்நிறுவனம் உயர் அதிகாரிகளுக்கென்றே ஒரு காரைச் செய்து, 1984 முதல் 1998 வரை விற்றது. அதன் பெயர் ஸாப் 9000.

இவ்வகைக் கார்களை ஆங்கிலத்தில் 'எக்ஸிக்யூட்டிவ்' கார்கள் என்பர். இதற்கு ஒரே தமிழ்ச் சொல் தருவது நம்மைப் போன்ற மொழிபெயர்ப்பாளருக்கு எளிதன்று. 'நிர்வாகி கார்' என்றால் சொல் வருகிறது. பொருள் முழுதும் வருவதில்லை. நம் அரசு அலுவலகங்களில் நெடுங்காலம் அம்பாசிடர் கார் வகித்த இடத்தை நினைத்துக் கொண்டால் ஓரளவு விளங்கும். ஐரோப்பாவில் அந்த இடத்திற்கு வேண்டியவை விசாலமான இருக்கை, அடக்கமான தோற்றம், நெடுந்தூரம் விரைந்து செல்லும் ஆற்றல் ஆகியவை. ஆறு சிலிண்டர் யந்திரம் இருப்பது கௌரவம் என்றும் கருதினர். ஸாப் நிறுவனத்திடம் சொந்தமாக ஆறு சிலிண்டர் யந்திரம் இல்லை. நான்கு சிலிண்டரை வைத்துக் கொண்டே அது அந்தச் சபையில் நுழைந்தது. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதையே இன்று காண்போம்.

ஸாப் 1937-ல் போர் விமானங்கள் செய்வதற்காக ஏற்பட்ட நிறுவனம். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், விமானங்களுக்குத் தேவை குறையும் என உணர்ந்து கார் செய்ய முற்பட்டது. குன்னார் யுங்ஸ்ட்ரோம் என்ற பொறியாளரும், ஸிக்ஸ்டன் ஸாஸோன் என்ற வடிவமைப்பாளரும் அம்முயற்சியின் தலைவர்கள். 1947-ல் மாதிரி வண்டி மக்கள் முன் வந்தது. 1949 இறுதியில் ஸாப் 92 என்ற பெயரில் டிரோல்ஹெத்தன் நகரில் உற்பத்தி தொடங்கியது. இரண்டு சிலிண்டர், 25 குதிரைசக்தி, முன்சக்கர இயக்கம் ஆகியவை அதன் இலட்சணங்கள். காற்றைக் கிழித்துச் செல்லும் அதன் உருவத்தில் விமானம் கட்டியவர்களின் கைத்திறன் தெரிந்தது.

1967-ல் ஸாப் 99 என்னும் சற்றுப் பெரிய கார் வெளிப்பட்டது. அதன் யந்திரம் பிரிட்டனின் டிரையம்ஃப் நிறுவனத்திலிருந்து வந்தது. 45 பாகை சாய்த்து வைக்கப்பெற்ற நான்கு சிலிண்டர் யந்திரம் அது. முன்பின்னாகத் திருப்பி, கியர்ப் பெட்டியின் மேல் அதை அமர்த்தினர். 1972 முதல் ஸ்வீடனிலேயே இரண்டு லிட்டர் யந்திரம் உருவாயிற்று. பின்னாளில் வந்த ஸாப் யந்திரங்களுள் பெரும்பாலானவை இந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

அதிக சக்தி வேண்டுமெனில் பெரிய யந்திரம் செய்வதே செல்வந்த நிறுவனங்களின் வழி. புதிய யந்திரம் ஒன்றை உருவாக்கப் பெரும் பொருட்செலவாகும். ஆகவே ஸாப் பொறியாளர்கள் கையிலிருந்த யந்திரத்திற்கே கூடுதல் மூச்சளிக்க முனைந்தனர். கொல்லன் உலையில் துருத்தி ஊதுவதை நாம் கண்டிருக்கிறோம். காற்று மிகுந்தால் கரி கனன்று எரியும். டர்போ எனப்படும் கருவியின் தத்துவமும் அதுவே. யந்திரத்திலிருந்து வீணே வெளியேறும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரம் காற்றை அழுத்தி உள்ளே செலுத்துகிறது. காற்று மிகும்போது அதற்கேற்ப எரிபொருளும் மிகுதியாக எரியும், சக்தி பெருகும்.

டர்போ ஸாப் கண்டுபிடித்த பொருளன்று. அமெரிக்காவில் 1962-லேயே டர்போ கார்கள் விற்பனைக்கு வந்தன. பிற ஐரோப்பிய நிறுவனங்கள் அதைப் பந்தய வேகத்திற்கே பெரும்பாலும் பயன்படுத்தின. பெர் கில்பிராண்ட் முதலிய ஸாப் பொறியாளர்களின் நோக்கம் வேறு. சிறிய டர்போவைப் பொருத்தி, மிகுதியான அழுத்தத்தைத் திறந்துவிட ஒரு வால்வும் வைத்து, சாதாரண வேகத்திலேயே இழுவிசை கிட்டுமாறு செய்தனர். 1977-ல் வெளியிடப்பட்ட 99 டர்போ 145 குதிரைசக்தி கொண்டிருந்தது. பால் வாங்கவும் பள்ளிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லவும் அந்தக் காரே போதும். மலைச்சாலையில் லாரியை முந்தவும் அதுவே போதும்.

எனினும் ஓர் அபாயம் இருந்தது. அழுத்தம் மிகுந்தால் எரிபொருள் முறை தவறி வெடித்து, யந்திரத்தின் உள்ளே தட்டும் ஓசை எழும். அது நீடித்தால் பிஸ்டனே சிதைந்து போகலாம். 1982-ஆம் ஆண்டு மாதிரிகளில் இதற்குப் பரிகாரம் வந்தது. யந்திரத்தின் மீது ஒரு 'செவி' பொருத்தினர். தட்டும் ஓசை எழுந்த கணமே அது மின்னணுக் கருவிக்கு அறிவிக்கும். அக்கருவி அழுத்தத்தைக் குறைக்கும். இதனால் தரம் குறைந்த பெட்ரோலிலும் வண்டி தீங்கின்றி ஓடிற்று. அடுத்து, சிலிண்டருக்கு நான்காகப் பதினாறு வால்வுகள் கொண்ட டர்போ யந்திரம் 175 குதிரைசக்தி தந்தது. நிர்வாகி காருக்கான யந்திரம் தயாராகிவிட்டது. இனி வேண்டியது வண்டியின் உடல்.

அதைத் தனித்துச் செய்யும் பொருள்வளம் ஸாப் நிறுவனத்திற்கு இல்லை. ஆகவே 1978-ல் இத்தாலியின் ஃபியட் குழுமத்தோடு உடன்பாடு ஏற்பட்டது. ஒரே அடித்தளத்திலிருந்து நான்கு கார்கள் பிறந்தன. அவை லான்சியா தீமா, ஃபியட் குரோமா, ஆல்ஃபா ரோமியோ 164, ஸாப் 9000. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியுஜாரோ வரைந்த உருவத்தை ஸாப் நிறுவனத்தின் பியோர்ன் என்வல் தம் நாட்டு வழக்கத்திற்கு இசையச் செப்பனிட்டார். இதில் யந்திரம் முன்போல் நெடுக்கில் அன்றிக் குறுக்கே அமைந்தது. அதனால் பயணிகளுக்கு இடம் மிகுந்தது. உட்புற அளவைக் கணக்கிட்ட அமெரிக்க அரசு முகமை இதனைப் 'பெரிய கார்' வகையிலேயே சேர்த்தது.

பொதுவாகச் செய்தால் செலவு குறையும் என்பதே உடன்பாட்டின் நோக்கம். ஆனால் பக்கவாட்டில் மோதினாலும் உள்ளிருப்பவர் பிழைக்க வேண்டும் என்பதில் ஸ்வீடன்காரர்கள் பிடிவாதமாக இருந்தனர். கதவுகளை வலுப்படுத்தினர், முன்பகுதியை மாற்றினர். இறுதியில், பார்வைக்கு ஒன்றுபோல இருந்த லான்சியாவின் கதவை ஸாபில் மாட்ட இயலாது போயிற்று. பத்திரம் கூடியது, சேமிக்க எண்ணிய பணம் கரைந்தது. இதைப் பிழை என்பதா, நேர்மை என்பதா? காரில் இருந்தவருக்கு நேர்மை; கணக்கு எழுதியவருக்குப் பிழை.

1984 மே மாதம் 9000 டர்போ 16 அறிமுகமாயிற்று. பின்பு டர்போ இல்லாத வகையும் வந்தது. 1986 அக்டோபரில் அமெரிக்காவின் டாலடேகா பந்தயப் பாதையில் மூன்று கார்களை இரவும் பகலும் ஓட்டினர். இருபது நாட்களில் ஒவ்வொன்றும் ஒரு லட்சம் கிலோமீட்டர் கடந்தது. அவற்றுள் முந்தியதன் சராசரி வேகம் மணிக்கு 213 கிலோமீட்டர். நான்கு சிலிண்டர் நெடுநாள் உழைக்குமா என்று ஐயுற்றவர்களுக்கு இதுவே விடையாயிற்று.

வகைகள் மேலும் பெருகின. 1988-ல் பின்புறப் பெட்டி தனியாக அமைந்த சி.டி. வந்தது. அதன்பின் 2.3 லிட்டர் யந்திரம் வந்தது. நான்கு சிலிண்டருக்கு இயல்பான அதிர்வை அடக்க, எதிராகச் சுழலும் இரு சமன்தண்டுகள் அதில் இருந்தன. ஒவ்வொரு தீப்பொறிச் செருகிக்கும் தனி மின்சுருள் அமைந்தது. பிறகு வந்த 'டிரையோனிக்' என்ற மின்னணு முறையில், அச்செருகியே யந்திரத்தின் தட்டொலியை உணரும் புலனும் ஆயிற்று. மெல்லிய அழுத்தமுள்ள சிக்கன டர்போ ஒருபுறம். 225 குதிரைசக்தி கொண்ட 'ஏரோ' மறுபுறம். சகோதர வண்டியான லான்சியா தீமாவின் உச்ச வகை ஃபெராரியின் எட்டுச் சிலிண்டர் யந்திரத்தைத் தாங்கியும் சுமார் 215 குதிரைசக்தியே கொண்டிருந்ததை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இத்தனை இருந்தும் கணக்குப் புத்தகம் நட்டத்தையே காட்டிற்று. 1990-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்ப் பிரிவில் பாதியை வாங்கியது. 2000-ல் முழுவதையும் வாங்கியது. அதன் ஆறு சிலிண்டர் யந்திரமும் 9000-ல் இடம் பெற்றது. அதன் சக்தி 210. பழைய நான்கு சிலிண்டர் ஏரோவை விடக் குறைவு! 1998-ல் 9000 நின்றபோது, ஐந்து லட்சத்திற்குச் சற்று அதிகமான வண்டிகள் உருவாகியிருந்தன. பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகளில் எட்டும் எண்ணிக்கை அது. 2010-ல் மீண்டும் கைமாறிய ஸாப் கார் நிறுவனம், 2011 டிசம்பர் 19-ஆம் நாள் திவாலாயிற்று. விமானம் செய்யும் ஸாப் வேறு நிறுவனமாக இன்றும் விளங்குகிறது.

டிரோல்ஹெத்தன் அருங்காட்சியகத்தின் பழைய கார்களும் அப்போது விலைக்கு வந்தன. அந்நகராட்சியும், வாலன்பெர்க் அறக்கட்டளையும், விமான நிறுவனமும் கூடி அவற்றை வாங்கிக் காத்தன. தொழிற்சாலையை இழந்த ஊர் தன் நினைவை இழக்க ஒப்பவில்லை.

ஸாப் தோற்றது; ஸாப் கொண்ட கருத்து தோற்கவில்லை. சிறு யந்திரமும் டர்போவும் இணைந்த கார்கள் இன்று உலகெங்கும், நம் நாட்டுச் சாலைகளிலும், சாதாரணமாக ஓடுகின்றன. பொருள்வளம் குன்றிய ஒரு நிறுவனம் வேறு வழியின்றிக் கைக்கொண்ட சிக்கனம், செல்வந்த நிறுவனங்களுக்கும் பின்னர் வழியாயிற்று. நல்ல பொருளைச் செய்வது ஒரு திறமை. அதைச் செய்து கொண்டே பிழைத்திருப்பது மற்றொரு திறமை. முதலாவது ஸாப் நிறுவனத்திடம் நிறைய இருந்தது என்பதை, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் 9000 கார்கள் நமக்குச் சொல்லும்.