அணில் ஏறாத கூரை

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மரக்காணம் செல்வோர் அனுமந்தையைக் கடந்தே செல்ல வேண்டும். ஒருபுறம் கடலும் மீனவர் குப்பமும், மறுபுறம் தென்னையும் பனையும், சற்று வடக்கே மரக்காணத்து உப்பளங்களும் உள்ள பகுதி இது. கான்கிரீட் வீடுகள் பெருகிவிட்ட இந்நாளிலும் இங்குக் கீற்றுக் கூரைகளும் ஓட்டு வீடுகளும் அடியோடு மறைந்துவிடவில்லை. அவ்வீடுகளில் வாழ்வோர்க்கு நன்கு பழக்கமான ஓர் ஒலி உண்டு. பரணுக்கு மேலே சிறு கால்கள் குடுகுடுவென்று ஓடும் ஒலியே அது.

அந்த ஒலி இரவில் கேட்டால் எலியாகவோ மரநாயாகவோ இருக்கலாம். பகலில் கேட்டால் பெரும்பாலும் அணில்தான். அணில் பகலில் நடமாடி இரவில் உறங்கும் உயிரினம். அதைக் கூரைக்குள் நுழையாமல் தடுப்பது எப்படி? சிறிய கேள்விதான். ஆனால் தமிழகத்தில் இக்கேள்விக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு வரலாறு உண்டு என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும்.

கயிற்றின் மேல் நடப்பவன்

நம் வீடுகளில் காணும் அணிலின் முதுகில் மூன்று வெண்கோடுகள் உண்டு. ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1766ல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். இன்று இதன் பெயர் ஃபுனாம்புலஸ் பால்மாரம். லத்தீன் மொழியில் ஃபுனாம்புலஸ் என்றால் கயிற்றின் மேல் நடப்பவன் என்று பொருள். வட இந்தியாவில் மிகுதியாகக் காணப்படுவது ஐந்து கோடுகள் உடைய வேறோர் இனம். அதனைத் தனியினமாகப் பிரித்து 1905ல் பெயரிட்டவர் ராட்டன் என்னும் ஆங்கிலேயர்.

அணிலின் எடை ஏறத்தாழ 100 கிராம். ஒரு முறையில் இரண்டு அல்லது மூன்று குட்டிகள் ஈனும். பிறக்கும்போது அவற்றுக்குக் கண் திறந்திராது. சுமார் பத்து வாரம் அவை தாய்ப்பாலைச் சார்ந்திருக்கும். ஆகவே தாய் அணிலுக்கு மழை படாத, பூனையும் காக்கையும் எட்டாத, வெதுவெதுப்பான ஓர் இடம் தேவை. புல்லும் தேங்காய் நாரும் பஞ்சும் சேர்த்து அது கூடு கட்டுகிறது. நாருக்கிடையே சிக்கி நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. இத்தகைய கூடு வைக்கப் பழைய வீட்டுப் பரணைவிட ஏற்ற இடம் ஏது?

எலியைப் பொறி வைத்துக் கொல்லத் தயங்காத நம் மக்கள் அணிலைக் கொல்ல மனம் ஒப்புவதில்லை. சேது கட்ட உதவிய அணிலை இராமன் தடவிக் கொடுத்ததால் கோடுகள் விழுந்தன என்னும் கதை நாட்டில் பரவியிருப்பதே இதற்குக் காரணம். தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் திருமாலையிலும் சேது கட்ட உதவிய அணில்கள் இடம்பெற்றுள்ளன. கொல்லக்கூடாது, உள்ளே விடவும் கூடாது என்னும்போது, மீதமிருக்கும் வழி கூரையைச் செவ்வையாக அமைப்பது ஒன்றே.

ஈச்ச இலையின் இயற்பியல்

இதற்கு நாமறிந்த மிகப் பழைய சான்று பெரும்பாணாற்றுப்படையில் கிடைக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான இந்நூலைப் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பாட்டுடைத் தலைவன் தொண்டைமான் இளந்திரையன். காஞ்சி நோக்கிச் செல்லும் பாணனுக்கு வழி சொல்லும்போது புலவர் எயினர் என்னும் வேட்டுவரின் குடிசையைக் காட்டுகிறார். அதன் கூரை ஈந்தின் இலையால், அதாவது ஈச்ச ஓலையால், வேயப்பட்டது. வேல் முனைபோல் கூரிய இலைநுனிகள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அது முள்ளம்பன்றியின் முதுகுபோல் காட்சியளிக்கிறது. அக்கூரை மேல் அணிலும் எலியும் விளையாடுவதில்லை என்று புலவர் குறிப்பிடுகிறார்.

இதை வெறும் வருணனை என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிராம் அணிலின் எடை ஏறத்தாழ 1 நியூட்டன் விசை. நான்கு பாதங்களும் சேர்ந்து 4 சதுர சென்டிமீட்டர் பரப்பில் தரையைத் தொடுகின்றன என்று கொண்டால், பாதத்தில் ஏற்படும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் நாற்பதில் ஒரு பங்குதான். இனி, அந்த எடையில் பத்தில் ஒரு பங்கு மட்டும் 0.1 மில்லிமீட்டர் சதுரமுள்ள ஒரு முள்நுனியின் மேல் விழுவதாகக் கொள்வோம். அங்கே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் நூறு மடங்காகிறது! விசை சிறியதே, பரப்பு அதனினும் மிகச் சிறியது. ஊசி ஏன் குத்துகிறது என்று பள்ளியில் படிக்கும் அதே பாடம்தான் இது. கட்டடங்களில் புறாக்கள் அமராதிருக்க இன்று பொருத்தும் முள்பட்டைகளும் இந்த விதியின்படியே செயல்படுகின்றன.

தென்னங்கீற்றுக்கு இத்தகைய முள் இல்லை. பின்னிய கீற்று நிழலும் குளிர்ச்சியும் தரும். ஆயினும் அணிலுக்கு அது ஏணியாகவும் கூடு கட்டும் பொருளாகவும் ஆகிவிடுகிறது. இருந்தும் கீற்றுக் கூரைக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. ஓரிரு ஆண்டுகளில் கீற்று மட்கிவிடும். பழையதைப் பிரித்துப் புதியதை வேயும்போது அணில் கூடும் எலி வளையும் சேர்ந்தே அகன்றன.

ஓடு வந்தது, குழல் வந்தது

நாட்டு ஓடு அரைவட்டக் குழல் போன்றது. ஒரு வரிசையை மல்லாத்தியும் அடுத்த வரிசையைக் கவிழ்த்தும் அடுக்குவார்கள். இவ்வமைப்பில் கூரையின் விளிம்பாகிய இறவாரத்தில் ஒவ்வொரு வரிசையும் ஒரு திறந்த வாயாக முடிகிறது. குருவிக்கும் அணிலுக்கும் அளவெடுத்துச் செய்தாற்போன்ற வாயில் அது! கைதேர்ந்த கொத்தனார்கள் அவ்வாய்களைச் சுண்ணாம்புக் காரையால் அடைத்தார்கள். மழைக்காலத்துக்கு முன் ஓடு மாற்றும் வழக்கமும் இருந்தது. ஓடுகளை எடுத்து, குப்பையை நீக்கி, உடைந்தவற்றை மாற்றி, மீண்டும் அடுக்குவது அவ்வேலை.

குழல் வடிவம் தரும் தொல்லை உலகில் வேறோர் இடத்தில் உயிர்ப் பிரச்சினையாகவே ஆனது. 1911ல் ஜாவாத் தீவில் பிளேக் நோய் பரவியது. அங்கு வீடுகள் மூங்கிலால் ஆனவை. மூங்கிலின் உள்ளீடற்ற பகுதியிலும் கூரை வேய்ந்த ஓலையிலும் எலிகள் கூடு வைத்திருந்தன. எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியே பிளேக்கைப் பரப்புகிறது என்பதை 1898ல் கராச்சியில் ஆராய்ந்து கண்டவர் பிரெஞ்சு மருத்துவர் சிமோன். இந்த அறிவைக் கொண்டு டச்சு அரசு ஜாவாவில் வீடுகளைத் திருத்தத் தொடங்கியது. ஓலைக்குப் பதில் ஓடு, மூங்கிலுக்குப் பதில் மரம், திறந்த முனைகளுக்கு அடைப்பு என்று இரண்டாம் உலகப் போருக்குள் 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் மாற்றியமைக்கப்பட்டன. கூரையின் இடுக்கை அடைப்பதும் பொதுச் சுகாதாரத்தின் ஒரு பகுதி என்பதை உலகம் அப்போது கற்றது.

நம் நாட்டில் அதற்கு முன்பே வேறொரு மாற்றம் தொடங்கியிருந்தது. பிரான்சின் அல்சேஸ் பகுதியைச் சேர்ந்த ஜிலார்டோனி சகோதரர்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் தட்டை ஓட்டுக்கு 1841ல் காப்புரிமை பெற்றனர். அவ்வகை ஓட்டை 1865ல் மங்களூரில் பாசல் மிஷன் தொழிற்சாலை செய்யத் தொடங்கியது. நம் மக்கள் இதனைச் சீமை ஓடு என்று அழைத்தனர். ஓர் ஓட்டின் எடை இரண்டு முதல் மூன்று கிலோ. அணிலால் இதைத் தூக்க இயலாது. ஓட்டுக்கு ஓடு பள்ளமும் மேடும் கோத்துக்கொள்வதால் இடையில் புகவும் வழியில்லை.

ஆயினும் அணில் தோற்றுவிடவில்லை. முகட்டு ஓட்டின் அடியில் காரை உதிர்ந்த இடத்திலும், சுவரின் தலைக்கும் ஓட்டுக்கும் இடையிலுள்ள சந்திலும் அதற்கு வழி கிடைத்தது. தலை நுழைந்தால் உடலும் நுழைந்துவிடும். மேலும், சீமை ஓட்டை ஆண்டுதோறும் பிரிக்க வேண்டியதில்லை. பல ஆண்டுகள் கூரை மேல் யாரும் ஏறாமலே காலம் ஓடியது. நாம் பெற்ற ஓய்வே அணிலுக்கு நிலையான இருப்பிடமாயிற்று எனலாம்.

உளிப்பல்லும் மின்கம்பியும்

பழைய வீடுகளுக்கு மின்சாரம் வந்தபோது கம்பிகள் பரண் வழியாகவும் ஓடின. அதுவரை தொல்லையாக மட்டும் இருந்த அணில் அபாயமாகவும் மாறியது இதனால்தான்.

அணிலின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். பல்லின் முன்புறத்தில் மட்டும் கடினமான எனாமல் உண்டு. பின்புறம் மென்மையானது. கடிக்கும்போது பின்புறம் விரைவில் தேய்வதால் முன்விளிம்பு உளிபோல் தானே கூர்மையடைகிறது. பொருள்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் எனாமலின் எண் 5, இரும்பின் எண் 4, செம்பின் எண் 3. கொறிவிலங்குகளின் பல் எனாமலுக்கு உறுதி தருவதில் இரும்புச் சேர்மங்களுக்கும் பங்குண்டு என்று 2015ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இத்தகைய பல்லுக்குக் கம்பியின் மேலுள்ள பிளாஸ்டிக் உறை எம்மாத்திரம்?

உறை போன கம்பிகள் இரண்டு தொட்டுக்கொண்டால் குறுக்குச்சுற்று ஏற்பட்டுப் பொறி பறக்கும். பக்கத்தில் இருப்பதோ காய்ந்த நாரும் பஞ்சும். கூரை தீப்பற்ற வேறென்ன வேண்டும்?

வீதியில் உள்ள மின்கம்பிகளுக்கும் இதே கதைதான். ஒரே கம்பியில் ஓடும் அணிலுக்கு ஒன்றும் நேர்வதில்லை. அதன் உடலின் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு இல்லாததே காரணம். அடுத்த கம்பியையோ நிலத்தோடு இணைந்த இரும்பையோ சேர்த்துத் தொட்டால் அதன் உடலே சுற்றை முடித்துவிடுகிறது. 1987 டிசம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையின் கணிப்பொறிகள் ஓர் அணில் ஏற்படுத்திய மின்தடையால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றன. 2021 ஜூனில் தமிழக மின்துறை அமைச்சர் வி. செந்தில் பாலாஜி, மின்தடைக்கு அணில்களும் ஒரு காரணம் என்று கூறியபோது பலர் நகைத்தார்கள். அணிலால் மட்டுமே மின்தடை ஏற்படுவதில்லை. ஆனால் அணிலால் அது ஏற்படக்கூடும் என்பதில் இயற்பியலுக்கு ஐயமில்லை.

கம்பிவலையும் உப்புக்காற்றும்

பல்லுக்கு எதிரான ஆயுதமாக வந்தது கம்பிவலை. 1844ல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் சார்லஸ் பர்னார்டு என்பவர், துணி நெய்யும் முறையைப் பின்பற்றிக் கம்பிவலை பின்னும் பொறியை அமைத்தார். இரும்புக்குத் துத்தநாகப் பூச்சுக் கொடுக்கும் முறைக்கு 1837லேயே பிரெஞ்சுக்காரரான சோரல் காப்புரிமை பெற்றிருந்தார். இரண்டும் சேர்ந்து, துருப்பிடிக்காத வலை என்று பெயர் பெற்றன.

அந்தப் பெயர் உப்பளக் கரைக்கு முழுதும் பொருந்தாது. காரணம் காற்றில் உள்ளது. சோற்றுப்பு காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை உறிஞ்சிக் கரைசலாகிறது. கடல்நீரிலுள்ள மெக்னீசியம் குளோரைடோ 33 சதவீத ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கும். கடற்காற்று கொண்டுவரும் உப்புத்துகள் வலையின் மேல் படிகிறது. ஈரப்பதம் உயரும் இரவுகளில் அது உப்புநீர்ப் படலமாகிறது. துத்தநாகம் முதலில் அரிக்கப்பட்டு, தன்னை அழித்துக்கொண்டு இரும்பைக் காக்கிறது. அது தீர்ந்தபின் இரும்பின் முறை. உள்நாட்டில் நெடுங்காலம் உழைக்கும் வலை கடற்கரையில் விரைவில் பொடிந்துவிடுவது இதனால்தான்.

மாணவர்கள் இதை எளிதாகச் செய்து பார்க்கலாம். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் உப்புநீர் ஊற்றுங்கள். ஒன்றில் இரும்பாணியைத் தனியாகவும், மற்றொன்றில் பழைய டார்ச் பாட்டரியின் துத்தநாக உறையில் வெட்டிய பட்டையை இறுகச் சுற்றிய ஆணியையும் இடுங்கள். ஒரு வாரம் கழித்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

என்ன செய்யலாம்?

முதலில் வழியைக் கண்டறிய வேண்டும். ஐயத்துக்குரிய துளையில் வைக்கோலைத் தளர்வாகச் செருகி வைத்தால், அணில் வந்துபோகும் துளையாயின் இரண்டு மூன்று நாளில் அது தள்ளப்பட்டிருக்கும். அடைக்கும் முன் உள்ளே குட்டிகள் உள்ளனவா என்று பார்ப்பது அவசியம். இருந்தால் அவை வளர்ந்து வெளியேறும்வரை பொறுக்க வேண்டும். தாயை வெளியே நிறுத்தி அடைத்தால் குட்டிகள் பசியால் சாகும்; தாயும் உள்ளே புக வெறியோடு கொறிக்கும். நஞ்சு வைப்பதும் வேண்டாம். செத்த அணில் கூரைக்குள் அழுகி நாறும்.

கூடு வெறுமையானதும், அணில் இரை தேடப் போயிருக்கும் பகல் நேரத்தில் அடைத்துவிடலாம். சுவர்த் தலையிலும் முகட்டிலும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் போதும். அவை துருப்பிடிப்பதில்லை. காற்றோட்டத்துக்காகத் திறப்பு விடவேண்டிய இடத்தில் அரை அங்குலத்துக்கு மேற்படாத கண்ணுள்ள எவர்சில்வர் வலை நல்லது. மாலிப்டினம் கலந்த வகை உப்புக்காற்றை இன்னும் நன்றாகத் தாங்கும். கூரையைத் தொடும் கிளைகளை ஆறு முதல் எட்டு அடி தள்ளி வெட்டிவிட வேண்டும். வீட்டை ஒட்டிய தென்னைக்கு, எலிக்காகத் தோப்புகளில் கட்டுவது போன்ற வழவழப்பான தகரப் பட்டை உதவும். நகம் பற்றச் சொரசொரப்பு இல்லாவிட்டால் அணிலால் ஏற முடியாது. பரணில் செல்லும் கம்பிகளைக் குழாய்க்குள் செலுத்துவதும் மிக முக்கியம்.

எந்தப் பொருளும் என்றென்றும் காவல் நிற்காது. 2011 டிசம்பர் 30ல் வீசிய தானே புயலும், 2024 நவம்பர் 30ல் கரை கடந்த ஃபெஞ்சல் புயலும் இக்கரையைக் கடுமையாகத் தாக்கின. ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் ஓடு நகரும், காரை விரியும், புதிய வாயில் திறக்கும்.

குறுந்தொகையின் 41ஆம் பாடல் மற்றொரு பழங்காலக் காட்சியைத் தருகிறது. மக்கள் விட்டுச் சென்ற சிற்றூரில், ஆளில்லாத வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடுகிறது. தலைவனைப் பிரிந்த பெண்ணின் தனிமைக்கு அதுவே உவமை. அந்தச் சிறப்பால் பாடிய புலவரின் பெயரே அணிலாடு முன்றிலார் என்று நிலைத்துவிட்டது. எயினர் குடிசையில் அணில் ஏறாததற்குக் காரணம் ஓலையின் முள். இந்த வீட்டில் அணில் உரிமையோடு ஆடுவதற்குக் காரணம் மனிதர் இல்லாமை. கூரையைக் காப்பவை பொருளும் கவனிப்பும் ஆகிய இரண்டுமே என்பதை இவ்விரு பாடல்களும் சேர்ந்து சொல்கின்றன. ஐப்பசி மழைக்கு முன் ஆண்டுக்கு ஒரு முறை ஏணி வைத்து ஏறிப் பார்க்கும் வீட்டில், அணில் மரத்தோடும் முற்றத்தோடும் நின்றுவிடும்.