முற்றத்து மரமும் எல்லைக் கோடும்

களியக்காவிளையில் பஸ் ஏறி திருவனந்தபுரம் பக்கம் போயிருக்கிறீர்களா? கண்டக்டர் கூப்பிடும் ஸ்டாப் பெயர்களைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை ஆலும்மூடு, ஆறாலும்மூடு... பூவார் பக்கம் திரும்பினால் பிலாமூட்டுக்கடை. வெள்ளறடைப் பக்கம் ஏறினால் குடப்பனமூடு, பனச்சமூடு.

இந்த 'மூடு' என்ன என்று என் சென்னை நண்பர் ஒருத்தர் கேட்டார். "எல்லா ஊருக்கும் ஒரு மூடு இருக்கேப்பா, நல்ல மூடா கெட்ட மூடா?" :-) மூடு என்றால் மரத்தின் அடி. ஆலும்மூடு ஆலமரத்தடி, பிலாமூடு பலா மரத்தடி, குடப்பனமூடு குடைப்பனை மரத்தடி. விளை என்றால் வயல் அல்லாத மேட்டு நிலம், மரமும் கிழங்கும் நிற்கும் தோட்டம். இரண்டும் கன்னியாகுமரித் தமிழிலும் உண்டு, தெக்கன் திருவிதாங்கூர் மலையாளத்திலும் உண்டு. எல்லைக்கு இந்தப்பக்கம் எத்தனை 'விளை' இருக்கிறதோ அதே அளவுக்கு அந்தப்பக்கமும் இருக்கிறது. மரம் எங்கே நின்றதோ அங்கே ஆள் உட்கார்ந்தான், ஆள் உட்கார்ந்த இடத்தில் கடை வந்தது, கடை வந்த இடத்தில் ஊர் வந்தது. பிலாமூட்டுக்கடை என்ற ஒரே பெயரில் இந்த மொத்தக் கதையும் வரிசையாக இருக்கிறது பாருங்கள்.

இதை எழுதக் காரணம் என் மாமா மகன். பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் அம்மா வீட்டு விளையில், அவன் பங்குக்கு வந்த பதினெட்டு சென்டில் வீடு கட்டுகிறான். "அத்தான், முற்றத்துல என்ன மரம் வைக்கலாம்? நர்சரிக்காரன் படம் அனுப்பியிருக்கான், பாத்துச் சொல்லுங்க" என்று வாட்ஸப்பில் பதினோரு படம். ஒன்றுகூட எனக்குத் தெரிந்த மரம் இல்லை. கூடவே ஒரு வரி: "அந்தப் பழைய அயினியை வெட்டிரலாம்னு இருக்கு. நல்ல விலை வரும்." நான் இருப்பது ஷார்ஜாவில். எனக்கு அந்த விளையில் ஒரு சென்ட்கூட கிடையாது, கருத்து மட்டும் உண்டு. அதனால் எழுதுகிறேன்.

அந்த வட்டாரத்தில் சரித்திரத்தில் இடம் பிடித்த மரம் என்றால் அம்மச்சிப் பிலா. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் பொந்து விழுந்த அதன் அடிமரத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வருவதற்கு முன்பு (அவர் ஆட்சி 1729 முதல் 1758 வரை) எட்டுவீட்டில் பிள்ளைமார் ஆட்கள் துரத்த, ஒரு சிறுவன் காட்டிக்கொடுத்த பலாமரப் பொந்துக்குள் புகுந்து உயிர் தப்பினார், பிறகு அந்தச் சிறுவன் கண்ணனே என்று நம்பிக் கோயில் எடுத்தார் என்பது கோயில் கதை. கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்கு அதில் பிடித்த விஷயம் வேறு. ஓர் ஆள் உள்ளே ஒளியும் அளவுக்குப் பருத்த பலா அந்தக் காலத்தில் ஆச்சரியமாகப் படவில்லை. வழியில் நிற்கும் சாதாரண மரம் அது.

பலா அங்கே அழகுக்கு வைத்த மரம் இல்லை. பிஞ்சு, காய், பழம், கொட்டை எல்லாம் சாப்பாடு, இலை ஆட்டுக்கு, முற்றிய தடி கதவுக்கும் கட்டிலுக்கும். தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்கள் தாய்க் கொட்டாரத்தில் செதுக்கு வேலை செய்த ஒரு மரத்தூணைப் பார்த்திருப்பீர்கள், அது பலா. (அந்த அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரள அரசு. எல்லைக் கோட்டின் வேடிக்கைகளில் ஒன்று.) "மக்ளே, வீட்டுப் பக்கத்துல பிலா நின்னா ஆடி மாசம் பட்டினி கெடக்க வேண்டாம்" என்பார் என் தாத்தா. 2018 மார்ச் 21 அன்று கேரளம் சக்கையை மாநிலப் பழமாக அறிவித்தபோது அவர் இல்லை. இருந்திருந்தால் "இப்பதான் தெரிஞ்சுதா" என்று கேட்டிருப்பார். தமிழ்நாட்டுக்கும் மாநிலப் பழம் பலாதான்.

தேக்கு ஏன் பழைய முற்றங்களில் இல்லை? அதற்குப் பதில் மண்ணில் இல்லை, சர்க்காரில் இருக்கிறது. திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் எல்லாம் 'ராஜ மரங்கள்'. யார் நிலத்தில் முளைத்தாலும் அது அரசுக்குச் சொந்தம். வளர்ப்பது நீங்கள், வெட்டுவது அவர்கள். பிறகு எவன் வளர்ப்பான்? முளை கண்ட உடனே பிடுங்கி எறிந்துவிடுவார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1865இல் வந்த பண்டாரப்பாட்ட விளம்பரம் சர்க்கார் நிலத்துக் குடிகளுக்கு நிலத்தை விற்கவும் பிள்ளைகளுக்கு விட்டுப்போகவும் உரிமை கொடுத்தது. மரம் நடுகிறவனுக்கு இதைவிடப் பெரிய தைரியம் வேண்டாம். பலாவும் அயினியும் நட்டவன் அனுபவிக்கிற மரம் இல்லை, பேரனுக்கு உள்ளது. நிலம் நிற்கும் என்று தெரிந்தால்தான் அதை நடுவான். (சந்தனத்துக்கு மட்டும் இன்றும் கெடுபிடி உண்டு. கேரளத்தில் 2005இல் வந்த சட்டம் சொந்த நிலத்து மரத்தை வெட்டும் உரிமையைத் தந்தபோதும் சந்தனத்தை விட்டுவிட்டது. சில பகுதிகளுக்குத் தனிக் கட்டுப்பாடும் உண்டு.)

அப்புறம் மரச்சீனி. விசாகம் திருநாள் மகாராஜா (1880–85) இதைப் பரப்புவதில் காட்டிய அக்கறை பிரசித்தம். 1942இல் பர்மா அரிசி நின்றபோது எங்கள் பக்கத்து ஜனங்கள் உயிர் பிழைத்தது மரச்சீனியாலும் உணக்க மீனாலும்தான். ஆனால் மரச்சீனிக்கு வெயில் வேண்டும். நிழல் மரங்களின் கிளை முதலில் கழிந்தது இதற்காக. அதற்குப் பின்னால் ரப்பர் வந்தது. 1947இல் ரப்பர் சட்டமும் வாரியமும் வந்து, மானியமும் கிடைக்க ஆரம்பித்ததும் முப்பது சென்ட் வைத்திருந்தவன்கூட மாவையும் கொல்லாமரத்தையும் தட்டிவிட்டு ரப்பர் வைத்தான். குறை சொல்ல மாட்டேன். என் படிப்புச் செலவில் பாதி ரப்பர் ஷீட்.

நடுவில் நாடு பிரிந்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டதில் நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் உண்டு. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்தார்கள். 1955இல் பசல் அலி கமிஷன் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை என்று ஐந்து தாலுகாக்களைச் சென்னை மாநிலத்துக்குச் சொன்னது. நெய்யாற்றின்கரை அங்கேயே நின்றது. 1956 நவம்பர் 1 அன்று எங்கள் அப்பா வீடு தமிழ்நாடு, அம்மா வீடு கேரளா. நடக்கிற தூரம்தான்.

இதன் பிறகு இரண்டு பக்கத்து முற்றமும் வேறு வேறு வழியில் போனது. கேரளத்தில் 1970 ஜனவரி 1 முதல் நிலச்சீர்திருத்தம் முழுவீச்சில் நடப்புக்கு வந்தபோது, பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்களுக்குப் பஞ்சாயத்துப் பகுதியில் பத்து சென்ட் வரை சொந்தமானது. எத்தனையோ தலைமுறையாக 'இறங்கு' என்று சொன்னால் இறங்க வேண்டியிருந்த ஜனங்கள். அந்தப் பத்து சென்டுக்குள் வீடு, கிணறு, தென்னை நாலு, முருங்கை ஒன்று, வேலிக்குச் சீலாந்தி (நம்ம பூவரசுதான்). பெரிய பலாவுக்கு இடம் ஏது? எழுபதுகளில் கல்ஃப் பணம் வந்தது. ஓடு போய் கான்கிரீட் வந்தது, பிறகு முற்றத்து மண்ணை மூடி இன்டர்லாக் கல் வந்தது. தமிழ்நாட்டுப் பக்கம் பனைகள் செங்கல் சூளைக்குப் போயின. பனை தமிழ்நாட்டின் மாநில மரம், தென்னை கேரளத்தின் மாநில மரம். பாறசாலைப் பழைய விளைகளில் இரண்டும் தோளோடு தோள் நிற்கும். அக்கானி குடித்துவிட்டு அதே மூட்டில் உட்கார்ந்து இளநீரும் குடிக்கலாம். 2021இல் தமிழ்நாடு அரசு, பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. ஏறுவதற்கு ஆள் இல்லாமல் போனதற்கு என்ன அறிவிப்பு கொடுப்பது என்று தெரியவில்லை.

சரி, மச்சினன் கேள்விக்கு வருகிறேன். நிழல் என்றால் எல்லோரும் குல்மோஹரைச் சொல்வார்கள். மடகாஸ்கர் மரம், மே மாதம் பார்த்தால் கண் எடுக்க முடியாது. ஆனால் வேர் மேலோட்டம், கிளை சட்டென்று ஒடியும். பள்ளிக்கூட மைதானத்துக்குச் சரி, பதினெட்டு சென்டுக்கு வேண்டாம். தூங்குமூஞ்சி மரம் அதைவிடப் பெரிசு, ரோட்டுக்குச் சொல்லி வைத்த மரம். நெட்டிலிங்கம் நெட்டையாக நிற்குமே தவிர நிழல் தராது. ஏழிலைப்பாலை வைக்கவே வேண்டாம். யட்சி பயம் எனக்கு இல்லை, இரவில் அந்தப் பூ வாசம் தலைவலி. :-)

மேற்கு வெயில் விழும் பக்கம் புங்கு ஒன்று, முன்பக்கம் மகிழம் (அவர்கள் பாஷையில் இலஞ்ஞி) ஒன்று. இரண்டும் காற்றுக்கு நிற்கும், இலை அடர்த்தி. நிறம் வேண்டுமானால் கொன்றை. சித்திரை விஷுக் கணிக்குப் பூவைத் தேடி அலைய வேண்டாம். மூலையில் ஒட்டுப் பலா, கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் இருபது அடி தள்ளி. ரம்புட்டான் ஆசைப்பட்டால் வைக்கட்டும், வௌவாலுக்குப் போக மிச்சம் கிடைக்கும்.

அயினி விஷயம் அவ்வளவு லேசில்லை. மச்சினன் மனைவிக்கு அதைக் கண்டால் பயம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி அடித்த நேரத்தில் அவளுக்கு இரண்டு மாதக் கைக்குழந்தை. விளவங்கோட்டில் அவள் அப்பா வீட்டுக் கூரைமேல் ரப்பர் மரம் விழுந்தது. கரண்ட் இல்லாமல், ஃபோன் இல்லாமல் நாட்கள் போயின. அந்தப் பயத்தை 'நம்ம பாரம்பரியம்' என்று பேசி ஷார்ஜாவில் ஏசியில் இருந்துகொண்டு நான் தள்ளிவிட முடியாது.

ஆனால் எனக்கும் சொல்ல இருந்தது. ரப்பர் வேறு, அயினி வேறு. ரப்பர் வரிசையாக நெருக்கி வைத்த மரம், காற்றில் ஒடியும். அயினி ஆழமாகப் பிடித்து நிற்பது. வள்ளம் செய்ய உதவும் தடி. மே மாதம் அதன் மூட்டில் விழும் சின்னச் சக்கைக்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்வோம். கொட்டையை வறுத்துத் தின்போம். காய்ந்த அயினித் திரியில் தீ வைத்தால் கணகணவென்று கனன்றுகொண்டே இருக்கும், தீபாவளி வெடிக்கு ஊதுபத்தி வாங்கியதே இல்லை. அம்மா பிறந்தபோது தாத்தா வைத்த மரம் அது.

கடைசியில் மாமாதான் வழி சொன்னார். மரம் வேலை தெரிந்த ஒரு ஆளைக் கூட்டிவந்து அடியைத் தட்டிப் பார்க்கச் சொன்னார். பொந்து இல்லை. வீட்டுப் பக்கம் சாய்ந்த இரண்டு பெரிய கிளைகளை இறக்கிவிடுவது, பிளானில் படுக்கை அறையைக் கிழக்கே தள்ளுவது, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கிளை கழிப்பது. அதற்கான கூலி என் கணக்கு. இறக்கிய கிளையில் கதவுக்குப் பலகை கிடைத்திருக்கிறது. மச்சினன் மனைவி இன்னும் முழுசாகச் சம்மதிக்கவில்லை. "அடுத்த காத்துல பாக்கலாம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

கொசுறு: நர்சரிக்காரன் அனுப்பிய பதினொன்றில் ஒன்றை இங்கே வந்த பிறகுதான் கண்டுபிடித்தேன். கோனோகார்ப்பஸ். இங்கே வளைகுடா முழுக்க மதில் ஓரத்தில் பச்சைச் சுவர் மாதிரி நிற்கும், வேர் தண்ணீர்க் குழாய்க்குள் புகுந்துவிடும் என்று திட்டு வாங்கும். குஜராத் 2023இல் தடை செய்தது, தமிழ்நாடும் 2025இல் நடக்கூடாது என்று சொல்லிவிட்டது. இந்த ஊர்க்காரர்கள் 2008இல் தேசிய மரமாக வைத்துக்கொண்ட 'காஃப்' எது தெரியுமா? நம்ம வன்னி மரம்.