ஆய்வுக்கூடச் சிறுவன் பேராசிரியரான வரலாறு

மின்விளக்குக்குச் செல்லும் கம்பியைப் பாருங்கள். உள்ளே செம்பு, மேலே பிளாஸ்டிக் உறை. உறை மின்சாரத்தைக் கடத்தாது என்னும் துணிவிலேயே அதனைத் தொடுகின்றோம். அந்தப் பிளாஸ்டிக் இனத்துப் பொருளையே உலோகம்போல் மின்சாரம் கடத்தச் செய்த மூவருள் ஒருவர், இரசாயனப் பேராசிரியர் ஆலன் மக்டயர்மிட்.

அவர் 1927இல் நியூசிலாந்தின் மாஸ்டர்டன் நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதில் தந்தையின் பழைய இரசாயன நூல் ஒன்று கையிற் கிடைத்தது. பின்னர், சிறுவர்க்கான இரசாயன நூலொன்றை நூல்நிலையத்திலிருந்து எடுத்து, ஏறக்குறைய ஓராண்டுக் காலம் புதுப்பித்துப் புதுப்பித்து வைத்துக்கொண்டார். குடும்ப நிலை காரணமாகப் பதினாறு வயதில் பள்ளியை விட நேர்ந்தது. வெலிங்டனில் விக்டோரியா பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் கலங்களைக் கழுவி, தரையைப் பெருக்கும் வேலை கிடைத்தது. அங்கேயே பகுதி நேர மாணவராகவும் சேர்ந்தார். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி உத்தியோகத்தில் அமர்ந்த என்போன்றோர் இவ்விடத்தைச் சற்று நிதானித்தே படிப்போம்.

ஒருநாள் விரிவுரையாளர் ஒருவர், கந்தகமும் நைட்ரஜனும் சேர்ந்த ஒரு சேர்மத்தைத் தயாரிக்கும்படி அவரிடம் சொன்னார். ஆரஞ்சு நிறப் படிகங்கள் தோன்றின. அந்நிறத்தின் அழகில் அவர் மனம் பறிகொடுத்தார். அப்பொருளைப் பற்றிய அவருடைய முதற் கட்டுரை 1949இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. பின்னர் அமெரிக்காவிலும் கேம்பிரிட்ஜிலும் இரு டாக்டர் பட்டங்கள் பெற்று, 1955இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்.

இருபதாண்டுகள் சென்றன. அதே பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியர் ஆலன் ஹீகர், கந்தகமும் நைட்ரஜனும் சங்கிலியாய்க் கோத்து உலோகம்போல் மின் கடத்தும் பொருளொன்றைப் பற்றி அவரிடம் பேசினார். அதைத் தயாரிக்கத் தேவையானது அந்தப் பழைய ஆரஞ்சுப் படிகமே! பொன்னிறமான அப்பொருளை 1975இல் மக்டயர்மிட் டோக்கியோவில் காட்டியபோது, அங்கிருந்த ஹிடேகி ஷிரகாவா தம் வெள்ளி நிறப் படலத்தைக் காட்டினார். அது அசெட்டிலீன் வாயுவின் மூலக்கூறுகள் நீளமாய் இணைந்த பொருள். வினையூக்கியை ஆயிரம் மடங்கு மிகுதியாகச் சேர்த்துவிட்டதால் 1967இல் தற்செயலாய் உருவானது.

மக்டயர்மிட் அவரைப் பென்சில்வேனியாவிற்கு அழைத்தார். 1976இல் அப்படலத்திற்கு அயோடின் ஆவியை ஊட்டினர். அயோடின் சில எலக்ட்ரான்களைக் கவர்ந்துகொள்ள, சங்கிலியில் மின்னோட்டத்திற்கு வழி பிறந்தது. கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு பெருகியது! மூவருக்கும் 2000இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆயினும் அவ்வெள்ளிப் படலம் காற்றுப் பட்டால் கெடும், கடைச்சரக்காக ஆகவில்லை. எனவே மக்டயர்மிட் காற்றைத் தாங்கும் பாலியனிலீனை நோக்கித் திரும்பி, 2007இல் மறையும்வரை ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். மின் கடத்தும் நிலையில் பாலியனிலீனின் நிறம் பச்சை.